எளைக்கும் என்றார்கள்

எங்கள் குடும்பத்தில் பயப்படும் பொறுப்பு என்னுடையது. யாராவது பெங்களூர் பஸ் ஏறினால், போய் இறங்கிப் போன் செய்யும் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குக்கர் விசில் தாமதமானால் பயம், தொடர்ந்து அடித்தால் அதைவிடப் பயம். ஒவ்வொரு பயத்துக்கும் தீர்த்தமலைக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொள்வேன். இதுவரை வேண்டியதை எல்லாம் நிறைவேற்றுவதென்றால் நான் மலையிலேயே குடியிருக்க வேண்டும். "உனக்கு வேற வேலையே இல்லியாக்கா" என்று தங்கச்சி சிரிப்பாள்.

வேலை இருக்கிறது. அரூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்வதை நல்ல தமிழில் மாற்றி, பணிவுடன் கேட்டுக்கொள்வதாக முடித்துக் கொடுப்பேன். பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் பேனாவை எடுத்துவிடுவேன். இத்தனை பயத்தையும் இத்தனை தமிழையும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லால் என் தங்கச்சி மகளைப் பறிகொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தங்கச்சியைப் பாப்பாரப்பட்டிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். மகள் பால்குடி மறக்காமல் இருக்கும்போதே தங்கச்சி மறுபடியும் உண்டாகிவிட்டாள். மாசமாக இருப்பவளின் பால் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, உடனே நிறுத்திவிட்டாள். அதன்பிறகு குழந்தைக்கு டீயில் நனைத்த பிஸ்கட், ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு, அவ்வளவுதான். தங்கச்சிக்கோ மசக்கை, எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆனாலும் வாட்ஸப்பில் வந்த போட்டோவில் குழந்தையின் கன்னம் உப்பியிருந்தது, கைகால் எல்லாம் திரண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று போட்டார்கள். நானும் சுற்றிப் போடச் சொல்லிப் போட்டேன்.

இரண்டாவது பிரசவம் ஆபரேஷன் ஆகிவிட்டதால், கடையில் லீவு சொல்லிவிட்டு உதவிக்குப் போனேன். பிறந்த குழந்தையைப் பார்க்க அங்கன்வாடி டீச்சர் வந்திருந்தார். பார்த்துவிட்டுக் கிளம்பியவர், மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவளைப் பார்த்து நின்றார். ஒன்றரை வயதுப் பிள்ளை. அழவில்லை, விளையாடவில்லை, ஈ உட்கார்ந்தால் ஓட்டக்கூட இல்லை. டீச்சர் குனிந்து அவள் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்த பிறகும் அங்கே பள்ளம் அப்படியே இருந்தது, சப்பாத்தி மாவில் விரல் பதிந்தது போல. அது மேலெழும்பட்டும் என்று நான் காத்திருந்தேன். எழும்பவில்லை. இது சதை இல்லை, வெறும் நீர், உள்ளே பிள்ளை வற்றிப்போய் இருக்கிறது என்றார் டீச்சர். தர்மபுரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, இன்றைக்கே போங்கள் என்றார்.

தங்கச்சிக்குத் தையல் ஆறவில்லை. மாப்பிள்ளைக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. கூட இருக்க நான்தான் போக வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணம் ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது, கேட்கிறவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது எதிர்வீட்டு அம்மா யாரிடமோ, "பெத்தவளாட்டம் வருமா" என்றது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றே சொன்னது. தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ளைய எங்கிட்ட கொண்டாந்து குடுத்துரு அக்கா" என்றாள்.

பஸ்ஸில் முழுக்க எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் ஓடியது. கொடுக்க முடியாமல் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு பாப்பாரப்பட்டியில் இறங்குவேன்?

வார்டில் சுவரெல்லாம் யானையும் மாம்பழமும் வரைந்திருந்தார்கள். கட்டிலில் இருந்த ஒரு பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைகள் இருக்கும் இடம் இவ்வளவு அமைதியாக இருக்குமென்று எனக்குத் தெரியாது. முதல் நாளிலேயே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்து விவரம் சொன்னார். பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள், டாக்டரம்மாவுக்கு அவசரம், எனக்குக் காது அடைத்திருந்தது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், பாவம் பார்த்து அதிகம் ஊற்றினால் ஆபத்து என்றார். அது புரிந்தது. பிறகு சொன்னது இது:

"கொஞ்ச நாள்ல குழந்தை நல்லா எளைக்கும். அதப் பாத்துப் பயந்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. எளைச்சாதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

எங்கள் வீட்டில் எளைப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு இருந்தது எளைப்பு. பனிக்காலம் வந்தால் கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, மூச்சுக்குப் போராடுவார். "அப்பாவுக்கு எளைக்குது" என்று அம்மா குரல் கொடுத்தால், நான் வெந்நீர் வைக்க ஓட வேண்டும். நான் பயப்படக் கற்றுக்கொண்டதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். உடம்பு மெலிந்தால் எங்கள் வீட்டில் மெலிந்துபோச்சு என்போம், வத்திப்போச்சு என்போம். புத்தகத்தில் இளைத்தல் என்றால் மெலிதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதையே பத்து பேருக்குத் திருத்திக் கொடுத்திருப்பேன். ஆனால் பயத்தில் இருக்கும்போது காது புத்தகத்தைப் புரட்டுவதில்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கும், அதுதான் குணமாவதற்கு அடையாளம், பயந்துவிடாதே என்று டாக்டரம்மா சொன்னதாகவே எனக்குக் கேட்டது. கிறுக்குத்தனமான வைத்தியமாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். படித்தவர்கள் சொல்கிறார்கள், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதல் நான் எளைப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கொரு தரம் சிஸ்டர் அளந்து கொடுக்கும் பாலைச் சின்னக் கப்பில் வைத்துப் புகட்டுவேன். அவள் குடிக்க மாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பாள். ஒரு வாய் உள்ளே போவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். காலையில் எடை பார்க்கும்போது குறைந்திருக்கும். குறையக் குறைய சிஸ்டர் தலையை ஆட்டிச் சிரிப்பார், வீக்கம் வடிகிறது என்பார். எடை குறைந்தால் சந்தோஷப்படும் இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன். சரி, எடை குறைகிறது, எளைப்பு எங்கே? டாக்டரம்மா சொன்னது இன்னும் வரவில்லையே, மருந்து பிடிக்கவில்லையோ என்று அதற்கும் பயந்தேன். தீர்த்தமலைக்கு இன்னொரு நடை சேர்ந்தது.

பக்கத்துக் கட்டிலில் பென்னாகரத்துக்கு மேலே மலையூரிலிருந்து வந்த ஒரு பெண், தன் மகனோடு இருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழும் நன்றாகப் பேசுவாள், நடுநடுவே கன்னடம் வந்து விழும். எனக்குத்தான் நாக்கு அரிக்கும், திருத்தச் சொல்லும். ஒருநாள் டாக்டரம்மா அவள் மகன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார். இவள் மகனின் முதுகைத் தடவி, "உசுரு வுடு சாமி, நல்லா உசுரு வுடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையை, அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, உயிரை விடு என்று எவளாவது சொல்வாளா? அப்புறம் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வீட்டில் உசுரு என்றால் மூச்சாம். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லாதீங்க, மூச்சுன்னு சொல்லுங்க என்று பெரிய வாத்தியார் மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளும் சரிங்கக்கா என்றாள்.

எளைப்பு ஒரு காலை நேரத்தில் வந்தது.

பால் கொடுத்துவிட்டுக் குழந்தையை மடியில் சாய்த்தேன். வழக்கத்தைவிட வேகமாக அவள் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அழவும் இல்லை. அப்பாவுக்கு வருவது போல விசில் சத்தம் இல்லை. மூக்கின் ஓரம் மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது. எனக்கு அப்போது வந்தது பயம் இல்லை. எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, டாக்டர் சொன்னது வந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். ஆயுசு முழுக்கப் பயந்துகொண்டே இருந்தவள், பயப்பட வேண்டிய ஒரே நாளில் தைரியமாக இருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேகம் இன்னும் கூடியது போல இருந்தது. மனசு கேட்காமல் சிஸ்டரிடம் போனேன். அவர் வார்டின் அந்தக் கோடியில் புதிதாக வந்த பிள்ளைக்கு ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், பாப்பா எளைக்குதுங்க" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "எளைக்கட்டும்மா, அதுதான் நல்லது. போய் பால குடுங்க" என்றார்.

டாக்டரும் சொல்லியாகிவிட்டது, சிஸ்டரும் சொல்லியாகிவிட்டது. திரும்பி வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டேன். தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. இன்றைக்குத்தான் எளைக்க ஆரம்பித்திருக்கிறது, நல்ல சேதி என்று சொல்ல வாயெடுத்தேன். அவளும் அப்பா மகள்தான், அந்தச் சொல்லைக் கேட்டால் பதறிவிடுவாள் என்று நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவளாவது கேட்டிருப்பாள்.

மலையூர்ப் பெண் காலையிலேயே மகனை எக்ஸ்ரே எடுக்கத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். வெயில் சாயும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். மகனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு என் பக்கம் திரும்பியவள், என் மடியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குழந்தையின் கவுனை நெஞ்சு வரை தூக்கினாள். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. காலையிலிருந்து மடியில் வைத்திருந்த நான் கவுனைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. அவள் நிமிர்ந்து வார்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"சிஸ்டர், இந்தப் பாப்பாவுக்கு உசுரு வேகமா போவுதுங்க."

மூச்சைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும், சிஸ்டர் தப்பாகப் புரிந்துகொள்ளப் போகிறாரே, மூச்சு என்று சொல்லச் சொன்னேனே என்று திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சிஸ்டர் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார். அவர் வீட்டில் பேசுவது தமிழ். உசுரு போகிறது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

பிறகு நடந்தது எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. குழந்தையை என் கையிலிருந்து வாங்கினார்கள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மா ஓடி வந்தார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது என்றார்கள். காய்ச்சலே இல்லையே என்றேன். காய்ச்சல் வருவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமாம், இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இருக்காதாம். சுவரில் வரைந்திருந்த யானைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையூர்ப் பெண் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எம்புள்ளைய எங்கிட்ட கொண்டாந்து குடுத்துரு அக்கா என்ற குரலைத் தவிர எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. சாமியைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

ஊசி போட்டு, குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டரம்மா என்னிடம் வந்தார். கோபமாகத்தான் வந்தார். காலையிலிருந்தே இப்படி இருந்திருக்கிறது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எளைக்கும்னு நீங்கதானேங்க சொன்னீங்க" என்றேன். "எளைச்சா நல்லதுன்னீங்க."

அவருக்குப் புரியவில்லை. என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், பனிக்காலத்தைப் பற்றிச் சொன்னேன், தோளை ஏற்றி இறக்கி மூச்சு வாங்கிக் காட்டினேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது. சிஸ்டர் வாயில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா என் பக்கத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வீக்கம் வடிந்ததும் பிள்ளை ஒல்லியாகத் தெரியும், குண்டாக இருந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று பாதிப்பேர் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதற்காகத்தான் எல்லாரிடமும் அப்படிச் சொல்வேன் என்றார். பிறகு, "இனிமே மெலியும்னு சொல்றேங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை, புதிதாக வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும், மூச்சு வாங்கினால் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வார்.

குழந்தைக்கு உடனே தெளிந்துவிடவில்லை. குழாயோடு கிடந்த நாட்களில் நான் அவள் நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். கவுனைத் தூக்குவேன், பார்ப்பேன், இறக்குவேன். முகம் கழுவப் போனாலும் பாதியில் ஓடி வந்து தூக்கிப் பார்ப்பேன். தங்கச்சி போன் செய்யும்போதெல்லாம் தூங்குகிறாள் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் அழுவேன்.

வீக்கம் முழுக்க வடிந்தபோது கட்டிலில் வேறு ஒரு பிள்ளை கிடந்தது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது, முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது. இத்தனை மாதமும் போட்டோவில் நாங்கள் மெச்சிய கன்னத்துக்குப் பின்னால் இவள்தான் இருந்திருக்கிறாள். பார்க்கவே பயமாக இருந்தது, ஆனால் மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவளே குழாயைப் பிடுங்கி எறிந்தாள். கோபம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றார் சிஸ்டர். அடுத்து, பால் குடித்துத் தீர்ந்த கப்பைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுததைக் கேட்டு வார்டில் எல்லாரும் சிரித்தோம். கெட்டிப் பால், பிறகு ராகிக் கூழில் வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் கலந்தது, பிறகு முட்டை என்று ஒவ்வொன்றாக வந்தன. நான் கவுனைத் தூக்குவது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. நான் குனிந்தாலே வயிற்றைக் காட்டிச் சிரிப்பாள். பெம்மா என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். பெரியம்மா என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். நான் அதைத் திருத்தவில்லை.

மலையூர்ப் பெண் எங்களுக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது என் குழந்தையின் தாடையைப் பிடித்து, "நல்லா உசுரு வுடு சாமி" என்றாள். சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன்.

நாங்கள் பாப்பாரப்பட்டியில் போய் இறங்கியபோது குழந்தை என் இடுப்பில் இருந்தாள். சின்னவனைத் தூளியில் போட்டுவிட்டுத் தங்கச்சி வாசலுக்கு ஓடி வந்தாள். கையை நீட்டினாள். வழியெல்லாம் நான் பயந்துகொண்டே வந்தது இதற்குத்தான், பிள்ளை அம்மாவை மறந்திருப்பாளோ என்று. அவள் ஒரு நொடி பார்த்தாள், பிறகு என்னைத் தள்ளிவிட்டு அம்மாவிடம் தாவினாள். என் இடுப்பு லேசானது. கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். தங்கச்சி அவளை மோந்து மோந்து பார்த்தாள்.

அப்போது எதிர்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தது. குழந்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழுக்குனு இருந்த புள்ள, இப்புடி எளைச்சுப்போச்சே" என்றது.

என்ன அர்த்தத்தில் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண் குழந்தையின் நெஞ்சைத் தேடியது. என் முகம் எப்படிப் போனதோ, தங்கச்சியின் தோளில் இருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தானாகவே கவுனை இரண்டு கையாலும் நெஞ்சு வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரு பெம்மா" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன்.